புதிய ஃபங்ஷனை எங்கே வைப்பது?

அந்தமானின் சிப்பிகாட்டில் கிராம்பு, ஜாதிக்காய் நாற்று வாங்குவோரின் பெயரையும் ஊரையும் சீர்படுத்த ஒரு பைத்தான் நிரல் எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் மடிக்கணினியில் 3.12 ஓடுகிறது. அங்குள்ள கணினியில் இருப்பதோ விண்டோஸ் 7. அதில் ஏறும் கடைசிப் பைத்தான் 3.8. சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கடலடிக் கேபிள் இணைப்பு வந்ததே 2020 ஆகஸ்டில்தான். அதுவரை செயற்கைக்கோளை நம்பியிருந்த தீவுக்காரர்களிடம் ‘புது வெர்ஷன் போட்டுக்கொள்ளுங்கள்’ என்று சொல்லிவிட்டு நகர்வது நியாயமில்லை. பழைய வெர்ஷனில் இல்லாததை ஈடுகட்டும் ‘காம்பாட்’ லைப்ரரி இதற்குத்தான். ஆனால் கண்டதையெல்லாம் அதில் போடக் கூடாது.

முதலில், இந்த ஃபங்ஷன் மொழியின் ஏதாவது புதிய வெர்ஷனில் இருக்கிறதா என்று பாருங்கள். சொல்லின் முன்னொட்டை நீக்கும் ‘ரிமூவ்ப்ரிஃபிக்ஸ்’ 2020இல் 3.9உடன் வந்தது, எனவே அதற்குக் காம்பாட்டில் இடமுண்டு. பழைய ‘எல்ஸ்ட்ரிப்’ போதாதா என்றால், போதாது. ‘சிப்பிப்பாறை’யிலிருந்து ‘சிப்பி’யை நீக்கச் சொன்னால், அது முன்னொட்டைப் பார்ப்பதில்லை, அந்த நான்கு குறிகளில் எது வந்தாலும் வழித்துக்கொண்டே போகும். மிஞ்சுவது ‘ாறை’ என்று தலையில்லாத துணைக்கால். ரிமூவ்ப்ரிஃபிக்ஸ் ஒழுங்காக ‘ப்பாறை’யைத் தரும். தமிழில் வேலை செய்பவர்களுக்கு இது சின்ன விஷயமல்ல.

எந்த வெர்ஷனிலும் இல்லையென்றால் காம்பாட்டில் சேர்க்காதீர்கள். ‘சிப்பிகாட்’டின் நீளம் கேட்டால் பைத்தான் 10 என்கிறது, நமக்கு அது சி, ப், பி, கா, ட் என்று 5 எழுத்து. இப்படி எழுத்தெழுத்தாகப் பிரிக்கும் ஃபங்ஷன் எவ்வளவு அவசியமானாலும் அது தமிழுக்கான லைப்ரரியைச் சேர்ந்தது. ஓப்பன்-தமிழில் ஏற்கெனவே இருக்கிறது, அதையே எடுத்துக்கொள்ளுங்கள். மற்றவற்றுக்கும் யாராவது செய்து வைத்திருக்கிறார்களா என்று தேடுங்கள்: 3.11இன் டோம்ல் கோப்பு வாசிப்பானுக்கு ‘டோம்லி’, டைப் குறிப்புகளுக்கு ‘டைப்பிங் எக்ஸ்டென்ஷன்ஸ்’.

அடுத்தது நடத்தை. பெயர் ஒன்றாக இருந்தால் போதாது, தரும் விடையும் ஒன்றாக இருக்கவேண்டும். வரிசையைச் சிறு தொகுதிகளாகப் பிரிக்கும் ‘பேட்ச்டு’ 3.12இல் வந்தது, ‘ஸ்ட்ரிக்ட்’ என்ற தேர்வு 3.13இல்தான் சேர்ந்தது. எந்த வெர்ஷனின் நடத்தையைத் தருகிறீர்கள் என்று குறித்து வையுங்கள். முழுதாக ஒத்துப்போக வைக்க முடியவில்லையா? வேறு பெயர் சூட்டி உங்கள் சொந்த மாட்யூலில் வையுங்கள்.

மொழியின் சொந்த டைப்பில் எதையும் ஒட்டாதீர்கள். பைத்தான் ஸ்ட்ரிங்கில் அது முடியாது, தனி ஃபங்ஷனாகத்தான் எழுதவேண்டும். ஜாவாஸ்க்ரிப்டில் முடியும், ஆபத்தும் அதில்தான். மூடூல்ஸ் லைப்ரரி அர்ரேயில் ‘ஃப்ளாட்டன்’ என்று ஒன்றை ஒட்டியிருந்தது. 2018இல் மொழியே அந்தப் பெயரைக் கொண்டுவரப் பார்த்தபோது பழைய தளங்கள் உடைவது தெரிந்தது. கடைசியில் மொழிதான் விட்டுக்கொடுத்து ‘ஃப்ளாட்’ என்று வைத்துக்கொண்டது.

ஒவ்வொரு ஃபங்ஷனின் தலையிலும் ‘குறைந்தபட்ச வெர்ஷன் 3.9 ஆனதும் நீக்கு’ என்பதுபோல ஒரு வரி எழுதுங்கள். அந்த வரியை எழுத முடியவில்லையென்றால், நீங்கள் தேர்ந்த இடமே தவறு. பிறகு ஒரே சோதனைகளை 3.8இலும் புதியதிலும் ஓட்டுங்கள். அவற்றில் ‘சிப்பிப்பாறை’ போன்ற தமிழ்ச் சொற்கள் கட்டாயம் இருக்கட்டும். புதிய வெர்ஷனில் காம்பாட் தன் நகலை விட்டுவிட்டு மொழியின் சொந்த ஃபங்ஷனையே அழைக்கிறதா என்பதையும் சரிபாருங்கள்.