ஸ்திதிகரணமும் பெற்றோர் குழுவும்

நற்காட்சியின் எட்டு அங்கங்களுள் ஆறாவது ஸ்திதிகரணம். நன்னெறியினின்றும் வழுவும் நிலையில் உள்ளவரைத் தாங்கி, அந்நெறியிலேயே நிலைபெறச் செய்தல் என்பது அதன் பொருள். வாரிஷேண முனிவர் தம் நண்பரை இங்ஙனம் நிலைநிறுத்திய வரலாற்றை நம் இல்லத்துச் சிறுவரும் அறிவர். ஆயின் இவ்வங்கம் துறவோர்க்கு மட்டும் உரியதன்று. இன்று நம்மிடையே இதனை மிகுதியும் வேண்டி நிற்போர், அறிவுசார் குறைபாடு, மூளை முடக்குவாதம், ஆட்டிசம் ஆகியவை உடைய குழந்தைகளின் பெற்றோரே ஆவர்.

இவர்களுட் சிலர் திருமண இல்லங்களுக்கும், ஏன், ஜிநாலயத்துக்கும்கூட வருவதைக் குறைத்துக்கொள்கின்றனர். காரணம் குழந்தையன்று, "எந்தப் பிறவியில் நீ செய்த வினையோ" என்று தாயின் முகத்துக்கு எதிரே நாம் கூறும் சொல்லே. வினைக் கொள்கையை அறிந்தார்போல் கூறப்படும் இச்சொல் ஜிநாகமத்துக்கே முரணானது. ஓர் உயிர் கட்டிய வினையை அவ்வுயிரே நுகரும். தாயின் வினை மகவின் உடலில் வந்து பலிப்பதில்லை. மேலும், பிறர்க்குத் துன்பமும் சோகமும் அழுகையும் விளைத்தல் அசாதா வேதநீய வினை வந்து சேர்தற்குக் காரணம் எனத் தத்வார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயத்தால் அறிகிறோம். அத்தாயை அழவைத்தவர் தம் வினைக்கணக்கை அன்றோ முதலில் பார்த்தல் வேண்டும்!

நிலைநிறுத்தும் வழி யாது? காவேரிப்பாக்கத்தார்க்கு விடை தொலைவில் இல்லை. வாலாஜா, ஆர்க்காடு கடந்து வேலூர் சென்றால், பாகாயத்தில் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் உள்ளது. நோயாளியுடன் குடும்பத்தாரும் தங்கிச் சிகிச்சையில் பங்கேற்பது அங்கு நெடுநாளைய மரபு. அக்கல்லூரி மருத்துவர்கள், அறிவுசார் குறைபாடுடைய குழந்தைகளின் பெற்றோர் 57 பேரை இரு பிரிவாக்கி நடத்திய ஆய்வு 1999இல் வெளிவந்தது. ஒரு பிரிவினர் விரிவுரை கேட்டனர். மற்றவர் குழுவாக அமர்ந்து உரையாடிக் கற்றனர். பத்து வாரங்களின் முடிவில், குழந்தை வளர்ப்பு பற்றிய நோக்கு, குறைபாடு பற்றிய அறிவு, அதனைக் கையாளும் மனப்பாங்கு ஆகியன குழுவாக அமர்ந்தோரிடம் நன்கு மேம்பட்டிருந்தன.

ஒன்று மட்டும் மாறவில்லை: குறைபாட்டையே அவர்கள் கருதிய விதம். இதில் எனக்கு வியப்பில்லை. வகுப்பு முடிந்து அவர்கள் திரும்பிச் செல்வது மேற்கூறிய சொற்களைப் பேசும் சுற்றத்தாரிடமே அன்றோ? சுற்றத்தார் தந்த எண்ணத்தை மருத்துவர் மட்டும் மாற்றிவிட இயலாது.

நம் ஊர்களில் சதுர்த்தசி வழிபாட்டின் பின் ஐந்தாறு குடும்பங்கள் ஒரு மணி நேரம் கூடி அமரலாம். அறிவுரை கூறும் பெரியோர் அங்கு வேண்டா. குழந்தைக்குத் தானே உண்ணப் பழக்கிய விதத்தை ஒரு தாய் கூறுவார், மற்றொருவர் உறக்கமற்ற இரவுகளைக் கூறி அழுவார், அழட்டும். தந்தையரும் வருதல் வேண்டும். (பொறுப்பைத் தாயரிடமே விட்டுவிடும் வழக்கம் நம்மிடம் மிகுதி.) அங்குப் பேசியது வெளியே செல்லலாகாது, ஐந்தாம் அங்கமாகிய உபகூஹனம் இங்கே துணை நிற்கும். ஊரில் இத்தகைய குடும்பம் ஒன்றே எனில், அடுத்த ஊராரோடும் பிற சமயத்தாரோடும் கூடுக. அந்நேரத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள இளைஞர் இருவர் முன்வருவாராயின் பேருதவி.

"எமக்குப் பின் யார்?" என்னும் அச்சமும் அங்கு எழும். 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, இக்குழந்தைகள் 18 வயதைக் கடந்தபின் பாதுகாவலரை மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர்க் குழு நியமிக்கிறது. பெற்றோரும் இதற்கு விண்ணப்பிக்கலாம். 2019 முதல் காவேரிப்பாக்கம் இராணிப்பேட்டை மாவட்டத்தில் இருத்தலின், இதுபற்றி அம்மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டறிக.