புது வீடும் தண்ணீர்த் தொட்டியும்

புதுமனை புகுந்திருக்கும் தம்பதிகளே! கட்டட வேலைக்காகக் கட்டிய தண்ணீர்த் தொட்டி இன்னும் வாசலில்தானே இருக்கிறது? "நல்ல தண்ணிதானே, கிடந்துட்டுப் போகட்டும்" என்று விட்டுவிடாதீர்கள். டெங்குக் கொசுவுக்குப் பிடித்ததே நல்ல தண்ணீர்தான். முட்டை 7 முதல் 10 நாட்களில் கொசுவாகிப் பறந்துவிடும்.

தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டை சுவரில் ஒட்டி மாதக்கணக்கில் காய்ந்து கிடக்கும். மறுபடி நனைந்தால் பொரிக்கும். ஆகவே வாரம் ஒருநாள் தொட்டி, அண்டா, குடம் எல்லாவற்றையும் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்து, காயவைத்து, பிறகு நிரப்பித் துணியால் வேடு கட்டுங்கள். தொட்டி தேய்ப்பது ஆண்பிள்ளை வேலைதான், வெட்கப்பட வேண்டாம்!

இந்தக் கொசு பகலில் கடிக்கும். குழந்தை பகலில் தூங்கினாலும் தூளிக்கு வலை போடுங்கள். காய்ச்சல் கண்டால் கடை மாத்திரை கொடுக்காமல், அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கி வாருங்கள்.