தானே கியர் மாற்றும் காரில் கைமுறை ஓட்டம்

நெய்வேலி நகரியத்தின் அகன்ற வீதிகளில் கார் ஓட்டுவது ஒருவிதம். நகரிய எல்லையைக் கடந்து வடலூர், குறிஞ்சிப்பாடி, பண்ருட்டிப் பக்கத்துக் கிராமங்களின் செம்மண் தடங்களில் ஓட்டுவது மற்றொரு விதம். இவ்விரண்டுக்கும் ஒரே வண்டியை வைத்திருக்கும் நிலச்சுவான்தார்களில் பலர், சில வருஷங்களாகக் கிளச்சு மிதி இல்லாத கார்களை வாங்கி வருகின்றனர். இவ்வண்டிகளில் கியர்த் தண்டை எம் என்று குறித்த இடத்திற்குத் தள்ளினால், ஓட்டுபவர் தம் இஷ்டப்படி கியரைக் கூட்டவும் குறைக்கவும் கூடும் என்று சொல்லப்படுகிறது. ஆயினும் அனுபவத்தில், கூட்டச் சொன்னால் சிறிது தாமதித்துக் கூட்டுவதும், குறைக்கச் சொன்னால் சில சமயம் மறுப்பதும், ஒன்றும் சொல்லாமலிருக்கையில் தானே குறைத்துக்கொள்வதும் காணப்படும். இதை வண்டியின் குறையென்று கருதி, அதன் கட்டுப்பாட்டுப் பெட்டியிலுள்ள புரோகிராமை வெளியார் ஒருவரைக் கொண்டு மாற்றி எழுதிக்கொள்ளலாமா என்று விசாரிப்போர் உண்டு. வண்டியைப் பிறர் கையில் ஒப்படைப்பதற்குமுன், இம்மாற்றம் எதைத் தரக்கூடும், எதைத் தர இயலாது என்பதை அறிந்துகொள்வது நலம்.

தானே கியர் மாற்றும் கார்கள் யாவும் ஒரே ஜாதியைச் சேர்ந்தவையல்ல. எண்ணெயின் சுழற்சியால் சக்தியைக் கடத்துபவை ஒருவகை. பட்டையும் கப்பிகளுமாக அமைந்தவை இன்னொரு வகை. இவற்றில் கியர் என்பதே கிடையாது, எம் நிலையில் தோன்றும் ஐந்தாறு படிகள் புரோகிராம் கற்பித்தவையே. இரட்டைக் கிளச்சு உடையவையும் உண்டு. ஆனால் நமது நாட்டில் விலை குறைந்த கார்களில் மிகுதியாய்க் காணப்படுவது ஏ.எம்.டி. என்னும் வகை. 2014-ம் வருஷம் பிப்ரவரி மாதம் மாருதி சுஸுகி கம்பெனியார் வெளியிட்ட செலேரியோ கார்தான் இதை இந்தியாவில் பரவச் செய்தது. அதன் கியர் மாற்றும் சாதனம் இத்தாலிய நாட்டு மாக்னெட்டி மரெல்லி கம்பெனியாருடையது. இனிக் கூறுவன பெரும்பாலும் இவ்வகையைப் பற்றியவை.

ஏ.எம்.டி. வண்டியின் கியர்ப் பெட்டி சாதாரணக் கைக்கியர் வண்டியினுடையதே. கிளச்சுத் தட்டும் அதுவே. வித்தியாசம் யாதெனில், காலால் மிதித்த கிளச்சை ஒரு விசைக்கருவி அழுத்துகிறது. கையால் தள்ளிய கியரை வேறொரு விசைக்கருவி தள்ளுகிறது. எஞ்சினின் சுற்று, சக்கரங்களின் வேகம், ஆக்ஸிலரேட்டரின் நிலை, பிரேக்கின் நிலை ஆகியவற்றை அறிந்து, கட்டுப்பாட்டுப் பெட்டி அவ்விரண்டுக்கும் உத்தரவிடுகிறது. ஓட்டுபவர் எம் நிலையில் தண்டைத் தட்டுவது கியரை நேரே மாற்றுவதாகாது. அது அப்பெட்டிக்குச் செய்துகொள்ளும் ஒரு விண்ணப்பமேயாகும்.

அது ஏன் மறுக்கிறது என்பதற்குக் கணக்கு உண்டு. ஐந்து கியர் உள்ள ஒரு சிறு கார் நான்காவது கியரில், எஞ்சின் நிமிஷத்துக்கு 3,600 சுற்றுச் சுழல ஓடுவதாகக் கொள்வோம். அதே வேகத்தில் மூன்றாவதுக்குக் குறைத்தால் எஞ்சின் ஏறக்குறைய 4,800 சுற்றுச் சுழலவேண்டும்; இரண்டாவதுக்குக் குறைத்தால் 7,100 ஆகிவிடும். இத்தகைய எஞ்சின்கள் பெரும்பாலும் 6,000-க்குச் சற்று மேலேயே எல்லை உடையவை. ஆகவே இரண்டாவது கியர் கேட்டால் பெட்டி மறுத்துவிடுகிறது. கைக்கியர் வண்டியில் இத்தவறைச் செய்தால் தடுப்பார் எவருமில்லை. வால்வு வளைந்தபின்தான் தெரியவரும். அவ்வாறே வேகம் மிகக் குறையும்போது எஞ்சின் நின்றுவிடாதபடி அது தானாகவே கியரைக் குறைக்கிறது. டிராக்டரில் உயர்ந்த கியரில் கலப்பையை இறக்கி எஞ்சினை அணைத்த அனுபவமுள்ள விவசாயிக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

நெய்வேலிச் சுரங்கத்தில் மேல்மண்ணை வாரும் பெருஞ்சக்கர யந்திரங்களின் பின்னால் பட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக மண்ணை ஏந்திச் செல்கின்றன. இத்தகைய பட்டைத் தொடர்களில், முன்னுள்ள பட்டை நின்றுவிட்டால் பின்னுள்ளதும் நிற்கும்படி பிணைப்பு வைப்பது வழக்கம். இல்லையேல் மண் குவிந்து யாவும் புதைந்துபோகும். அப்பிணைப்பு வேலையைத் தாமதப்படுத்துகிறதென்று எவரும் அதை அறுத்துவிடுவதில்லை. காரின் கியர்ப் பாதுகாப்பும் அவ்வினத்தைச் சேர்ந்ததே.

புரோகிராமை மாற்றி எழுதினால், எத்தனை சுற்றில் கியர் கூடவேண்டும், எதுவரை அதே கியரைப் பிடித்திருக்கவேண்டும் என்பவற்றை மாற்றலாம். கியர் மாறும் காலத்தையும் சிறிது குறைக்கலாம். ஆனால் கிளச்சு விலகி, பல்சக்கரம் மாறி, கிளச்சு மீண்டும் சேர்வதற்கு வேண்டிய நேரம் இரும்பின் வேலையாதலால், எழுத்தை மாற்றி அதை ஒழித்துவிட முடியாது. கிளச்சை வெடுக்கென்று சேர்த்தால் வண்டி உலுக்கும், பல்சக்கரங்களுக்கு அடி விழும். மெதுவாகச் சேர்த்தால் தட்டு வழுக்கிச் சூடேறித் தேயும். தயாரித்தவர்கள் இவ்விரண்டுக்கும் இடையே ஓரளவைப் பிடித்திருக்கின்றனர். மாற்றி எழுதுவோர் அவ்வளவைப் பல பருவங்களிலும் பல பாரங்களிலும் ஓட்டிப் பார்ப்பது அரிது. செலவு மட்டும் வண்டிக்காரருடையது. உத்தரவாத காலத்தில் இவ்விதம் மாற்றிய வண்டியின் கியர்ப் பெட்டி பழுதுற்றால் கம்பெனியார் பொறுப்பேற்க மறுக்கவும் கூடும்.

மாற்றம் தேடுவோரின் குறைகளில் பெரும்பகுதி வேறு வழியில் தீரும். கிளச்சுத் தட்டு தேயத் தேய, அது பிடிக்கும் இடம் நகர்ந்துபோகிறது. அங்கீகாரம் பெற்ற பணிமனையில் கருவியை இணைத்து அவ்விடத்தைப் பெட்டிக்கு மறுபடி கற்பித்தாலே உலுக்கல் குறைவதுண்டு. விசைக்கருவிகள் பாட்டரியின் சக்தியால் இயங்குபவை. பாட்டரி தளர்ந்திருந்தால் கியர் விழாமல் தடுமாறும். கம்பெனியாரே திருத்திய புரோகிராமை வெளியிட்டிருந்தால் பணிமனையில் கேட்டு ஏற்றிக்கொள்ளலாம். அது உத்தரவாதத்தைக் கெடுக்காது.

ஓட்டும் முறையிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. பண்ருட்டிக்கும் வடலூருக்கும் இடையே லாரிகள் மிகுந்த நெடுஞ்சாலையில், முன்செல்லும் லாரியைக் கடக்கப் பாதி வழியில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால், கியர் குறையும் இடைவேளையில் ஏறக்குறைய ஒரு விநாடி சக்கரத்துக்குச் சக்தியே வராது. எதிர்ச்சாரியில் நின்றுகொண்டு அவ்வொரு விநாடியை இழப்பது உயிருக்கே மோசமாகலாம். லாரியின் பின்னாலிருக்கும்போதே எம் நிலையில் ஒரு கியர் குறைத்துக்கொண்டு, எஞ்சின் பிடித்தபின் வெளியே வருவதே முறை. கியர் கூட்டும்போது ஆக்ஸிலரேட்டரைச் சற்றுத் தளர்த்தினால் தலையாட்டம் நீங்கும். கல்வராயன் மலையிலிருந்தோ ஏற்காட்டிலிருந்தோ இறங்குகையில் இரண்டாவது கியரைப் பிடித்துக்கொண்டால் பிரேக் சூடேறாது. எம் நிலையின் முழுப் பிரயோஜனம் அங்கேதான் விளங்கும்.

சுரங்கத்தில் இறைக்கும் நீர் வந்து சேரும் பெருமாள் ஏரி, வாலாஜா ஏரி போன்றவற்றின் கரைமேல் பலாக்காய் மூட்டைகளுடன் ஏறுங்கால் பலர் ஒரு பிழை செய்கின்றனர். எதிரே மாடு வந்து நிற்க நேர்ந்தால், பிரேக்கைப் பிடியாமல் ஆக்ஸிலரேட்டரால் வண்டியைச் சரிவில் தாங்கி வைக்கின்றனர். அப்போது கிளச்சு பாதி சேர்ந்த நிலையில் இடைவிடாது உராய்ந்து எரியும். பல வண்டிகளில் எச்சரிக்கை ஒலி எழும்பும். கருகிய வாடை வந்துவிட்டால் அடுத்தது புதுத் தட்டுச் செலவுதான். கைப்பிரேக்கை இழுத்து நிறுத்தி, முதல் கியரில் ஒரே மூச்சில் ஏறவேண்டும்.

கிராம உத்தியோகஸ்தர்களிடம் சட்டத்தைப் பற்றி விசாரிப்போருக்கும் விடை வேண்டும். 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவின்படி, பதிவுச் சான்றில் கண்ட விவரங்கள் தயாரித்தவர் முதலில் குறித்தவற்றுக்கு மாறுபடும்படி வண்டியை மாற்றலாகாது. கியர் புரோகிராம் பதிவுச் சான்றில் எழுதப்படுவதன்று. ஆயினும் அதனோடு சேர்த்து எஞ்சின் புரோகிராமையும் மாற்றுவது வழக்கமாதலால், 2020 ஏப்ரல் முதல் அமலிலுள்ள பாரத் ஆறாம் நிலைப் புகை அளவுக்கு வண்டி ஒவ்வாததாகிவிடக்கூடும். பழைய ஏ.எம்.டி. காரை விலைக்கு வாங்குவோர், புரோகிராம் மாற்றப்பட்டுள்ளதா என்பதைப் பணிமனையில் கருவி வைத்துப் பார்க்கச் செய்து, கிளச்சுத் தட்டின் தேய்மானத்தையும் கேட்டறிந்த பின்னரே முன்பணம் கொடுக்கவேண்டும்.