பதிப்பு என்பதன் பொருள்

ஒரு நூலையோ பத்திரிகையையோ ஒரே உள்ளடக்கத்துடன் ஆயத்தம் செய்து அச்சிட்டு வெளியிடுவது பதிப்பு எனப்படும். அவ்வாறு வெளிவரும் பிரதிகள் யாவும் ஒரே பதிப்பைச் சேர்ந்தவை.

1. நூற்பதிப்பு

(அ) முதற்பதிப்பு: நூல் முதன்முறையாக வெளிவருவது. உதாரணம்: கண்டியிற் பிறந்த சித்திலெவ்வையின் 'அசன்பே சரித்திரம்' என்னும் நாவலின் முதற்பதிப்பு 1885 இல் வெளிவந்தது.

(ஆ) மறுபதிப்பு: உள்ளடக்கத்தில் மாற்றமின்றி மீண்டும் அச்சிடுவது.

(இ) திருத்திய பதிப்பு: பிழைகளைக் களைந்து, புதிய செய்திகளைச் சேர்த்து வெளியிடுவது. உ. வே. சாமிநாதையர் சீவகசிந்தாமணியை 1887 இல் பதிப்பித்தார். பின்னர் கிடைத்த ஏட்டுச் சுவடிகளையும் ஒப்பிட்டுத் திருத்தி, 1907 இல் இரண்டாம் பதிப்பை வெளியிட்டார்.

2. பதிப்பை அறிவதன் அவசியம்

மகாவலி கங்கையின் குறுக்கே கட்டப்பட்ட விக்டோரியா அணைக்கட்டு 1985 இல் திறந்துவைக்கப்பட்டது. அதன் நீர்த்தேக்கத்தில் பழைய தெல்தெனிய நகரம் மூழ்கியது. புதிய நகரம் உயரமான இடத்தில் அமைக்கப்பட்டது. இனி, 1980 இல் வெளிவந்த தேசப்படநூல் ஒன்று 1990 இல் மறுபதிப்பாக வந்ததென வைத்துக்கொள்வோம். அச்சிட்ட ஆண்டு 1990 ஆயினும், படத்தில் இருப்பது நீரில் மூழ்கிய நகரமே. திருத்திய பதிப்பாயின் நீர்த்தேக்கமும் புதிய நகரமும் அதில் இடம்பெற்றிருக்கும்.

பாடத்திட்டம் மாறிய பின் பழைய வழிகாட்டி நூலின் மறுபதிப்பை வாங்கும் மாணவரின் நிலையும் இதுவே. நூல் புதிது, பாடம் பழையது.

3. பத்திரிகைப் பதிப்பு

ஒரே நாளின் பத்திரிகை பல பதிப்புகளாக வெளிவரலாம். தூர இடங்களுக்கு அனுப்பப்படுவது முன்னதாகவே அச்சாகும். அச்சகம் உள்ள நகருக்கும் அதன் சுற்றுப்புறத்துக்கும் உரிய நகரப் பதிப்பு பிந்தி அச்சாகும். கொழும்பில் அச்சாகும் பத்திரிகை காலையில் தெல்தெனியவை அடைய வேண்டுமாயின், 100 கிலோமீற்றருக்கும் அதிகமான தூரம் கடந்து கண்டிக்கு வந்து, அதற்கப்பாலும் செல்ல வேண்டும். ஆகவே நள்ளிரவில் முடிந்த கிரிக்கெட் போட்டியின் முடிவு நகரப் பதிப்பில் இருக்க, தெல்தெனிய வாசகரின் பிரதியில் இல்லாமற் போகலாம். இரண்டிலும் திகதி ஒன்றே; பதிப்பு வேறு.

கவனிக்க: மாற்றமின்றி மீண்டும் அச்சிட்ட நூலையும் சிலர் 'இரண்டாம் பதிப்பு' என்றே குறிப்பிடுவர். எனவே நூலின் தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தைப் பார்க்கும்போது, ஆண்டை மட்டுமன்றித் 'திருத்திய' என்ற சொல் உண்டா எனவும் பாருங்கள்.

பயிற்சி

1. மறுபதிப்புக்கும் திருத்திய பதிப்புக்கும் உள்ள வேறுபாடு யாது?
2. ஒரே திகதியிட்ட பத்திரிகையின் இரு பிரதிகளில் செய்திகள் வேறுபடுவதற்குக் காரணம் தருக.
3. உங்களிடமுள்ள நூல் ஒன்றின் பதிப்பு விபரங்களை எழுதுக.