சபராளி முஸாபிரா?

கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், இராஜகிரி, பண்டாரவாடை, நாகூர் என்று பழைய தஞ்சை ஜில்லாவின் எந்த முஸ்லிம் ஊருக்குப் போனாலும் 'சபர்' என்ற சொல் காதில் விழும். "மச்சான் சபரிலே இருக்கிறார்", "மூணாவது சபர் முடிஞ்சு வந்திருக்கிறார்" என்று பெண்கள் பேசிக்கொள்வார்கள். அரபியில் அதற்குப் பயணம் என்று பொருள். நம் மக்கள் வாயில் அது, பிழைப்புக்காகக் கடல் கடந்து இரண்டு வருஷமோ மூன்று வருஷமோ இருந்துவிட்டு வருவது என்று ஆகிவிட்டது. அப்படிப் போனவர் சபராளி.

இந்தச் சொல்லிலேதான் சிக்கலும் இருக்கிறது. வளைகுடாவில் மூன்று வருஷம் இருந்துவிட்டு வந்த ஒரு தம்பி பள்ளிவாசலில் பேச்சுவாக்கில் சொன்னார்: "சபரிலே இருக்கிறவனுக்குக் கஸ்ருதானே ஹழ்ரத்! ரூமிலே தனியாகத் தொழுததெல்லாம் இரண்டு ரகஅத்துதான்." அவர் சோம்பலால் சொல்லவில்லை. தொழுகையை விடாத பிள்ளை. சபராளி என்றால் முஸாபிர் என்று நம்பி, மூன்று வருஷத்துத் தொழுகையைப் பாதியாக்கிக்கொண்டு வந்துவிட்டார். இது அவர் ஒருவரின் தவறல்ல என்பதால்தான் இதை எழுத நேர்ந்தது.

பூமியில் நீங்கள் பயணம் செய்யும்போது தொழுகையைச் சுருக்கிக்கொள்வதில் குற்றமில்லை என்ற அனுமதி ஸூரத்துன் னிஸாவின் 101ஆம் வசனத்தில் இருக்கிறது. அதில் எதிரிகளின் அச்சமும் சேர்த்துச் சொல்லப்பட்டிருப்பதால், அச்சம் நீங்கிய பிறகும் சுருக்கலாமா என்று உமர் (ரலி) அவர்களுக்கே ஐயம் வந்தது. நாயகம் (ஸல்) அவர்களிடம் கேட்டபோது, அது அல்லாஹ் உங்களுக்குச் செய்த தர்மம், ஏற்றுக்கொள்ளுங்கள் என்ற கருத்தில் விடையளித்தார்கள். ஆகவே கஸ்ரு உண்டு. யாருக்கு, எதுவரை என்பதுதான் கேள்வி.

முதலில் தூரம். ஹனபி மத்ஹபில் மூன்று நாள் நடைதூரம்; அதை நம் நாட்டு உலமாக்கள் 48 மைல், அதாவது ஏறத்தாழ 77 கிலோமீட்டர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஷாபிஈ மத்ஹபில் இரண்டு மர்ஹலா. எண்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல் என்று வைத்துக்கொள்ளலாம். தஞ்சாவூரிலிருந்து திருச்சிக்கு வாரா வாரம் வேலைக்குப் போய் வருகிறவர் எத்தனை வருஷம் போனாலும் முஸாபிர் ஆக மாட்டார். சென்னைக்குப் போகிறவர் ஊர் எல்லையைத் தாண்டியதுமே ஆகிவிடுவார். ஊர் எல்லை என்பது வீடுகள் முடிகிற இடம். நம் பக்கத்தில் அதைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. கடைசி வீட்டைத் தாண்டினால் வயல்தான்.

தஞ்சாவூர்க்காரர் ஒருவர் சிங்கப்பூர் போகத் திருச்சி விமான நிலையம் வருகிறார் என்று வையுங்கள். திருச்சி 60 கிலோமீட்டருக்குள்தானே என்று அவர் இஷாவை நான்காகத் தொழவேண்டியதில்லை. அவருடைய பயணம் திருச்சிக்கு அல்ல, சிங்கப்பூருக்கு. ஆனால் அவரை வழியனுப்ப வந்த அத்தாவும் தம்பியும் திருச்சியோடு திரும்புகிறவர்கள்; அவர்கள் முழுமையாகத் தொழவேண்டும். மூவரும் ஜமாஅத்தாக நின்று பயணம் போகிறவரே இமாமாக நின்றால், அவர் இரண்டு ரகஅத்தில் ஸலாம் கொடுத்துவிடுவார். மற்ற இருவரும் எழுந்து மீதி இரண்டையும் தொழுது முடிக்கவேண்டும். அத்தா இமாமாக நின்றால் மகனும் நான்கு தொழவேண்டியதுதான். ஊர்க்காரர் பின்னால் நிற்கும் முஸாபிருக்குக் கஸ்ரு இல்லை.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். போய்ச் சேர்ந்த இடத்தில் எத்தனை நாள் தங்க நிய்யத்து? ஹனபி மத்ஹபில் ஓர் ஊரில் 15 நாளோ அதற்கு மேலோ தங்குவதென்று உறுதி கொண்டால், போய்ச் சேர்ந்ததுமே அவர் முகீம் ஆகிவிடுகிறார். ஷாபிஈ மத்ஹபில் போய்ச் சேர்ந்த நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக முழுதாக 4 நாள் தங்க நிய்யத்து இருந்தாலே கஸ்ரு போய்விடும். நம் கடற்கரை ஊர்களில் ஷாபிஈக்கள் அதிகம், உள்ளூர்ப் பக்கம் ஹனபிகள் அதிகம். ஆனால் இந்த மஸ்அலாவில் இருவருக்கும் முடிவு ஒன்றுதான். இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு விமானம் ஏறுகிறவர் அங்கே இறங்கி அறைக்குப் போனதும் முகீம். ளுஹர் நான்கு, அஸர் நான்கு, இஷா நான்கு. ஊரார் அவரைச் சபராளி என்று அழைப்பதால் மஸ்அலா மாறாது.

நம் பாட்டனார் காலத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. 1926இல் கட்டப்பட்டு 1973 வரை ஓடிய எஸ்.எஸ். ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்தில் ஏறினால் பினாங்கு, சிங்கப்பூர் போய்ச் சேர ஒரு வாரம் போல ஆகும். மேல்தளத்தில் பாயை விரித்துக்கொண்டு போனவர்கள் அத்தனை பேரும் முஸாபிர்கள்; கஸ்ரு தொழுதார்கள். ஷாபிஈக்கள் ளுஹரையும் அஸரையும், மஃரிபையும் இஷாவையும் சேர்த்தும் தொழுதார்கள். ஹனபிகளுக்கு அந்தச் சேர்ப்பு ஹஜ்ஜின்போது அரபாவிலும் முஸ்தலிபாவிலும் மட்டும்தான். கரை இறங்கிக் கடையில் படுக்கை போட்ட அன்றோடு கஸ்ரு முடிந்தது. பினாங்கில் 1801இல் தோன்றிய கப்பித்தான் கெலிங் பள்ளியையும், சிங்கப்பூரில் 1820களில் எழுந்த ஜாமிஆ சூலியா பள்ளியையும் கட்டிய தமிழ் முஸ்லிம்கள், வந்த இடத்தில் முகீமாக வாழ்ந்தவர்கள். எம்.வி. சிதம்பரம் கப்பல் 1985இல் தீப்பிடித்து அந்தக் கடல் பயணமே நின்றுபோனது. இப்போது நான்கு மணி நேரத்தில் போய் இறங்கிவிடுவதால் பயணம் எது, தங்குதல் எது என்ற கோடே மங்கிவிட்டது போலும்.

சரி, அந்தத் தம்பியின் கதி என்ன? முகீமாக இருந்து நான்கு ரகஅத்து ஃபர்ளை இரண்டாகத் தொழுதால் அது நிறைவேறவில்லை, கழாச் செய்யவேண்டும். ஒரு நாளைக்கு மூன்று தொழுகை வீதம் மூன்று வருஷத்துக்கு 3,285. பள்ளியில் ஊர் இமாமுக்குப் பின்னால் தொழுதவற்றையும், ஜும்ஆவையும் கழித்துக்கொள்ளலாம், அவை முழுமையாக நிறைவேறியவை. எண்ணிக்கையைக் கேட்டதும் தம்பியின் முகம் வாடிவிட்டது. ஒவ்வொரு வக்து ஃபர்ளோடும் ஒரு கழாவைச் சேர்த்துத் தொழுதால், எத்தனை காலத்தில் சேர்ந்ததோ அதைவிடக் குறைந்த காலத்தில் தீர்ந்துவிடும் என்று சொன்னேன். ஒரு சின்ன நோட்டில் எழுதி அடித்துக்கொண்டு வருகிறார்.

சில வேலைகளில் மஸ்அலா இவ்வளவு நேராக இராது. தம்மாமில் கம்பெனி குடியிருப்பு. பத்து நாள் வேலைக்கு நானூறு கிலோமீட்டர் தாண்டி ரியாதுக்கு அனுப்புகிறார்கள். ரியாதில் ஹனபியானவருக்குக் கஸ்ருதான். ஷாபிஈயானவர் பத்து நாள் என்று தெரிந்தே போவதால் முழுமையாகத் தொழவேண்டும். திரும்பித் தம்மாமுக்கு வந்து, அடுத்த வேலைக்கு எட்டு நாளில் புறப்படவேண்டியிருந்தால்? ஹனபிச் சட்டப்படி, சொந்த ஊரல்லாத தங்குமிடம் பயணம் புறப்பட்டதோடு முறிந்துவிடுகிறது; ஆகவே எட்டு நாளும் கஸ்ரு என்பார்கள். பெட்டி படுக்கை, சாமான் எல்லாம் அங்கேயே இருக்கும்போது அது முறியாது, முழுமையாகத் தொழவேண்டும் என்று சொல்லும் ஆலிம்களும் இருக்கிறார்கள். இதில் உங்களுக்கு நம்பிக்கையான ஓர் ஆலிமிடம் கேட்டு ஒரு வழியைப் பிடித்துக்கொள்ளுங்கள். நாளுக்கு ஒரு ஃபத்வா தேடாதீர்கள்.

எப்போது வேலை முடியும் என்று தெரியாமல் காத்திருப்பவர் இன்னொரு வகை. 1970களில் வளைகுடாவுக்குக் கதவு திறந்தபோது, நம் பிள்ளைகள் பம்பாயில் ஏஜெண்டு வாசலில் "நாளைக்கு விசா" என்ற சொல்லை நம்பி வாரக்கணக்கில் கிடந்தார்கள். ஹனபி மத்ஹபில், 15 நாள் தங்குவதென்ற உறுதி இல்லாமல் இன்று நாளை என்று போய்க்கொண்டிருந்தால், மாதங்கள் ஆனாலும் கஸ்ருதான். அஜர்பைஜானில் பனியால் வழி அடைபட்டு ஆறு மாதம் இருந்தபோதும் இப்னு உமர் (ரலி) அவர்கள் சுருக்கியே தொழுதார்கள் என்று அறிவிப்பு இருக்கிறது. ஷாபிஈ மத்ஹபில் இப்படிக் காத்திருப்பவருக்கு 18 நாள் வரை சலுகை.

நோன்புக்கும் இதே அளவுகோல்தான். முஸாபிர் நோன்பை விட்டுப் பிறகு கழாச் செய்யலாம். முகீமுக்கு அந்தச் சலுகை இல்லை. கட்டட வேலை, கடும் வெயில் என்றாலும் ஸஹர் செய்து நிய்யத்தோடு நோன்பைத் தொடங்கவேண்டும். தாங்க முடியாத நிலை வந்தால் அப்போது முறித்து, பின்னர் கழாச் செய்யலாம். காலையிலேயே சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போவதற்கு அனுமதி கிடையாது. பிறை விஷயமும் ஒன்று உண்டு. வளைகுடாவில் பெரும்பாலும் நமக்கு ஒரு நாள் முன்னால் ரமளான் பிறக்கிறது. அங்கே தொடங்கி ஊரில் வந்து முடிப்பவருக்கு நோன்பு 31 ஆனாலும் ஊராரோடு நோற்கவேண்டும். இங்கே தொடங்கி அங்கே போய்ச் சேர்ந்தவருக்கு 28லேயே பெருநாள் வந்துவிட்டால், அவர்களோடு பெருநாள் கொண்டாடிவிட்டுப் பிறகு ஒரு நோன்பு கழாச் செய்யவேண்டும். மாதம் 29க்குக் குறையாது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவும் முகீமுக்குக் கடமைதான். லீவு இல்லை என்ற காரணம் உண்மையாக இருந்தால் ஆலிமிடம் சொல்லி வழி கேட்கலாம். வெள்ளிக்கிழமை தூக்கத்துக்கு மார்க்கத்தில் சலுகை இல்லை.

இவ்வளவு நேரம் போனவரைப் பற்றியே பேசிவிட்டோம். குறுவை அறுத்து, சம்பா அறுத்து, மறுபடி மேட்டூர் திறந்து ஆற்றில் தண்ணீர் வருவதைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருப்பவள் ஒருத்தி. உமர் (ரலி) அவர்கள் ஓர் இரவு மதீனாத் தெருவில் வரும்போது, கணவன் போருக்குப் போய்விட்ட ஒரு பெண்ணின் ஏக்கக் குரலைக் கேட்டுத் தம் மகளார் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் ஒரு பெண் எத்தனை காலம் பொறுப்பாள் என்று விசாரித்தார்கள். நான்கு மாதம் என்றும், ஆறு மாதம் என்றும் அறிவிப்புகள் இருக்கின்றன. அதன்படி படைவீரர்களுக்கே தவணை விதித்தார்கள். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை இரண்டு மாதம் வருகிற நம் வழக்கத்தை இதோடு வைத்துப் பாருங்கள். மனைவி மனமொப்பிச் சம்மதித்தால் மேலும் இருக்கலாம் என்கிறார்கள். அந்தச் சம்மதத்தை அவளிடம் நேரில் கேட்டவர் எத்தனை பேர்? மாமியாரிடம் கேட்டால் அது சம்மதமாகாது.

அடுத்து, அனுப்புகிற பணம். அத்தா பேரில் அனுப்பியது, அண்ணன் பேரில் நிலம் வாங்கியது என்று எத்தனை குடும்பங்களில் பின்னால் வழக்கு! அனுப்பியது அன்பளிப்பா, கடனா, அமானத்தா, தன் பேருக்கு நிலம் வாங்கவா என்று அன்றே சொல்லி எழுதி வைக்காததுதான் காரணம். அத்தா மௌத்தானதும் அவர் பேரில் உள்ளதெல்லாம் வாரிசுப் பங்காகிறது. பாலைவனத்தில் உழைத்தவனும் ஊரில் இருந்தவனும் சமப் பங்கு. "நான் அனுப்பிய காசு" என்று அப்போது சொன்னால் ஆதாரம் எங்கே? திருக்குர்ஆனின் ஆக நீண்ட வசனம், ஸூரத்துல் பகராவின் 282ஆம் வசனம், கடனை எழுதிக்கொள்வதைப் பற்றியது. அண்ணன் தம்பிக்குள் எழுத்து எதற்கு என்று வெட்கப்படுகிறவர்கள் அதை ஒருமுறை பொருளோடு ஓதிப் பார்க்கட்டும். விமானம் ஏறுமுன் தாம் வாங்கிய கடன், கொடுத்த கடன், மனைவியின் மஹர் பாக்கி, அவளிடமிருந்து வாங்கி விற்ற நகை எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி இருவர் சாட்சியோடு வைத்துவிட்டுப் போவது நல்லது.

திரும்பி வரும்போது? சொல்லாமல் கொள்ளாமல் நடு இரவில் வந்து கதவைத் தட்டி ஆச்சரியப்படுத்துவது இப்போது ஒரு பழக்கமாகிவிட்டது. நீண்ட நாள் பிரிந்திருந்தவர் அப்படி இரவில் திடீரென்று வீட்டாரிடம் வருவதை நாயகம் (ஸல்) அவர்கள் விரும்பவில்லை. முன்கூட்டியே போன் செய்துவிடுங்கள். திருச்சியிலிருந்து வரும் கார் ஊரின் முதல் வீட்டைத் தொட்டதும் கஸ்ரு முடிந்தது. மூன்றே நாள் லீவு என்றாலும் சொந்த ஊரில் நான்கு ரகஅத்துதான். நாயகம் (ஸல்) அவர்கள் பயணத்திலிருந்து திரும்பினால் முதலில் பள்ளிக்குப் போய் இரண்டு ரகஅத்துத் தொழுவார்கள். அந்த இரண்டும் ஸுன்னத்து. காரைப் பள்ளி வாசலில் ஐந்து நிமிஷம் நிறுத்தச் சொல்லுங்கள். வீடு அடுத்த தெருவில்தானே இருக்கிறது.