ஒரே கைப்பிடியில் இரு மின்சுற்று

ஆவுடையார்கோவில் பகுதியில் ஆழ்குழாய்க் கிணறு வைத்துள்ள உழவர் பெருமக்களே! ஸ்டார்ட்டரை நிறுத்தினால் மோட்டார் மட்டுமே நிற்கும். கொட்டகை விளக்கு தனிச் சுற்று. அதன் கம்பியிலும் ஸ்டார்ட்டருக்கு வரும் முனைகளிலும் மின்சாரம் இருக்கும். இரு பேஸ்களுக்கிடையே 415 வோல்ட்! எனவே, இரண்டு சுற்றுகளும் ஒரே மெயின் சுவிட்சுக்குப் பின்னரே பிரியவேண்டும். விளக்குக் கம்பியை அதற்கு முன்னரே இழுத்துவிடுவது பலர் செய்யும் தவறு.

நியூட்ரலில் தனிப் பியூஸ் கூடவே கூடாது. அது எரிந்தால் விளக்கு அணையும். பேஸ் கம்பியில் மின்சாரம் போகாது நிற்கும். அணைந்ததென்று ஹோல்டரைத் தொட்டவர் கதி என்ன? பேஸ்களோடு நியூட்ரலையும் ஒருசேரத் துண்டிக்கும் சுவிட்சை மட்டுமே 1956ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகள் அனுமதித்தன. இன்றைய ஒழுங்குமுறையும் அவ்வாறே.

பெட்டியைத் திறக்குமுன் மெயினை நிறுத்தி, பியூஸ் கட்டைகளைப் பிடுங்கி மடியில் கட்டிக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொரு கம்பியையும் டெஸ்டரால் பாருங்கள். கம்பி மாற்றும் வேலையை உரிமம் பெற்ற ஒயர்மேனிடமே விடுங்கள்.