குடற்புழு நோயைக் கண்டறியும் விதம்

உழவுத் தொழிலில் தேர்ந்த ஒருவன் முன்போல் ஏர் பிடிக்க இயலாமல், உச்சிப் பொழுதுக்கு முன்னரே இளைத்து வரப்பில் உட்கார்ந்துவிடுவானாயின் ஊரார் அவனைச் சோம்பேறி என்பர். வேலை குறையவே விளைவு குறைகிறது. சங்கத்துக்குச் செலுத்த வேண்டிய தவணையும் தவறுகிறது. இத்தகையவர்களில் சிலருக்கு உண்மையான காரணம் குடலில் வாழும் புழுவே. புழுக்கள் பலவகைப்படும், ஒவ்வொன்றின் அடையாளமும் வேறு. அவற்றை அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் அவசியம்.

1. கொக்கிப் புழு

இது அரை அங்குல நீளங்கூட இராது. குடலின் உட்சுவரைக் கவ்வி இரத்தத்தை உறிஞ்சும். ஒரு புழுவினால் நாளொன்றுக்கு உண்டாகும் நஷ்டம் சில துளிகளுக்கு மேற்படாது. நூற்றுக்கணக்கில் பெருகினாலோ தேகம் வெளுத்துவிடும். கீழிமையின் உட்புறம், நாக்கு, நகம் ஆகியவை வெளிறுதல், சிறிது நடந்தாலும் மூச்சு வாங்குதல், பாதம் வீங்குதல், மண் தின்னும் ஆசை ஆகியவை இரத்தக் குறைவின் குறிகள். இப்புழு மலத்தில் சாதாரணமாகக் கண்ணுக்குத் தென்படாது. ஆகவே, ‘புழு விழவில்லை, எனவே நோயில்லை’ என்று எண்ணுவது பெரும் பிழை.

இது வாய் வழியாக மட்டும் வருவதன்று. மலங் கலந்த ஈரமண்ணில் வெறுங்காலுடன் நடப்போரின் தோலைத் துளைத்துக்கொண்டு உட்புகும். எகிப்து நாட்டில் ஆர்தர் லூஸ் என்னும் ஆராய்ச்சியாளர் 1890-களில் புழுக்குஞ்சுகள் கலந்த நீர் தம் கைமீது சிந்தியபோது அவ்விடம் அரிப்பெடுத்ததையும், சில வாரங்களுக்குப் பின் தம் மலத்தில் முட்டைகள் காணப்பட்டதையும் கொண்டு இதனை அறிந்தார்.

2. உருண்டைப் புழு

மண்புழுவைப் போன்று நீண்டு, சுமார் அரை அடியிலிருந்து ஓரடி வரை வளரும். மலத்திலோ வாந்தியிலோ வெளிப்படின் ஐயத்துக்கு இடமில்லை. குழந்தையின் வயிறு பருத்து, கைகால் மெலிவதும் உண்டு. புழுக்கள் திரண்டு குடலை அடைத்துக்கொண்டால் கடும் வலியும் வாந்தியும் காணும். அப்பொழுது தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

3. கீரிப்பூச்சி

வெண்ணூல் துண்டு போன்றது. இரவில் ஆசனவாய்க்கு வெளியே வந்து முட்டையிடும். குழந்தை தூக்கத்தில் சொறிந்துகொண்டு அழுமாயின் விளக்கைக் கொண்டு அவ்விடத்தைப் பார்த்தால் பூச்சி நெளிவது தெரியும். இதன் முட்டை மலத்தில் பெரும்பாலும் அகப்படுவதில்லை. காலையில் கழுவுமுன், ஒட்டும் தாளை அவ்விடத்தில் அழுத்தி எடுத்துப் பரிசோதிப்பதே தக்க முறை.

4. நாய், பூனை

நாய்க்குட்டிகளுக்குத் தாயின் வயிற்றிலிருக்கும்போதே புழு தொற்றக்கூடும். உப்பிய வயிறு, மங்கிய ரோமம், தீனி தின்றும் தேறாமை, புழுவை வாந்தியெடுத்தல் ஆகியவை குறிகள். வாலடியில் அரிசி மணி போன்ற துண்டுகள் ஒட்டியிருப்பின் அது நாடாப் புழு. தெள்ளுப்பூச்சியின் மூலம் வருவது. நாயின் உருண்டைப் புழு முட்டை குழந்தையின் வாயிற் புகுந்தால், குஞ்சுகள் ஈரலுக்கும் கண்ணுக்கும் சென்று கேடு விளைக்கக்கூடும். அவை குழந்தையின் குடலில் முட்டையிடாமையால் மலப் பரிசோதனையில் தெரியமாட்டா. இரத்தப் பரிசோதனை வேண்டும்.

5. மலப் பரிசோதனை

சுத்தமான உலர்ந்த டப்பியில், மண்ணும் மூத்திரமும் கலவாமல், சிறிதளவு எடுத்து அன்றே ஆஸ்பத்திரியில் ஒப்புவிக்க வேண்டும். மைக்ராஸ்கோப்பின் வழியே முட்டையின் உருவத்தைக் கண்டு புழுவின் இனத்தைக் கூறுவர். ஒருமுறை காணாவிடில் வெவ்வேறு நாட்களில் மும்முறை பரிசோதித்தல் நன்று. இரத்தக் குறைவுக்கு வேறு காரணங்களும் உண்டாதலால் வைத்தியரின் தீர்ப்பே முடிவானது.

6. தவறான எண்ணங்கள்

இனிப்புத் தின்பதனால் புழு உண்டாவதில்லை. முட்டையோ குஞ்சோ உட்புகுந்தாலன்றிப் புழு தோன்றாது. தூக்கத்தில் பற்கடிப்பதும், முகத்தில் வெண்தேமல் படர்வதும் நிச்சயமான குறிகள் அல்ல.

இந்தியாவில் 2015-ஆம் ஆண்டில் தொடங்கிய தேசியக் குடற்புழு நீக்கத் திட்டத்தின்படி, 1 முதல் 19 வயது வரையுள்ளோருக்குப் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் அல்பெண்டசோல் மாத்திரை இலவசமாக அளிக்கப்படுகிறது. கர்ப்பிணிகள் வைத்தியரைக் கேளாமல் இதனை உட்கொள்ளலாகாது. மருந்தினால் புழு நீங்கினாலும், கக்கூசும் காலணியும் கைகழுவும் வழக்கமும் இல்லாத வீட்டில் அது மீண்டும் குடிபுகும்.

சங்கக் கூட்டத்தில் ஆலோசிக்க வேண்டிய வினாக்கள்

(அ) நம் ஊரில் கக்கூசு இல்லாத வீடுகள் எத்தனை?
(ஆ) அண்மையிலுள்ள எந்த ஆஸ்பத்திரியில் மலப் பரிசோதனை செய்கிறார்கள்?
(இ) தவணை தவறிய அங்கத்தினருள் தேக பலவீனத்தால் வேலைக்குச் செல்ல இயலாதவர் எவர்? அவர்களைப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லும் பொறுப்பை யார் ஏற்பது?